பழைய டாடா 1210 மிஸ்ஸிங் அடிக்கிறதா? பம்பில் கை வைக்கும் முன் இதைப் பாருங்கள்

ஐடிலில் கேபினே உதறுகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை, சைலன்சர் சத்தம் ஒரே சீராக வராமல் நடுநடுவே விட்டுவிட்டு வருகிறது. ஆறு சிலிண்டர் 697 இன்ஜின் போட்ட டாடா 1210 லாரி இப்படி மிஸ்ஸிங் அடித்தால், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யாவிட்டால், பார்ப்பவர்கள் முதலில் சொல்வது "பம்பைக் கழற்று" என்பதுதான். சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பம்பைத்தான் சொல்கிறார்கள். அது செலவு அதிகம் வைக்கும் வேலை, பெரும்பாலும் தேவைப்படாத வேலையும் கூட. காசு செலவாகாத சோதனைகளை முதலில் முடிப்போம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

முதலில் புகை

இன்ஜின் சூடான பிறகு பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வெண்புகை வருவது சகஜம். சூடான பிறகும் கண் எரிகிற வெண்புகை வந்தால், ஏதோ ஒரு சிலிண்டரில் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. கரும்புகை என்றால் முதலில் ஏர் பில்டர், அடுத்து நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிப்பது). நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. அது ரிங், வால்வு சமாச்சாரம். நல்ல மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து டீசல் லைன்

பழைய வண்டியில் பாதி வியாதி இங்கேதான். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் டேங்க் அடியில் உள்ள டிரெயின் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் வரும். பீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்ன பம்ப்) அடியில் உள்ள கிண்ணத்தையும் கழுவுங்கள். டீசல் பில்டர் எப்போது மாற்றியது என்று யாருக்கும் நினைவில்லை என்றால், யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

அப்புறம் லைனுக்குள் புகுந்த ஏர். டீசல் பில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி ஹேண்ட் பம்பை அடியுங்கள். சோடா போல நுரைத்து வரும் டீசல், குமிழி நின்று தெளிவாக வரும்வரை அடித்து, வரும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். பெரிய பம்பில் உள்ள ஸ்க்ரூவிலும் இதே வேலை.

மறுநாள் மறுபடி ஏர் வந்தால் எங்கேயோ உறிஞ்சுகிறது என்று அர்த்தம். டேங்க்குக்கும் பீட் பம்புக்கும் நடுவே ஓட்டை இருந்தால் வெளியே சொட்டு டீசல் கூடத் தெரியாது, காற்று மட்டும் உள்ளே போகும். டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, ஒரு கேனில் சுத்தமான டீசல் வைத்து, நேராகப் பீட் பம்புக்கு ஹோஸ் கொடுத்து ஓட்டுங்கள். இன்ஜின் சரியானால் குற்றவாளி அந்த லைன்தான்: பிய்ந்த ஹோஸோ, நசுங்கிய காப்பர் வாஷரோ.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை?

எனக்குப் பிடித்த சோதனை இது. இன்ஜின் ஐடிலில் ஓடட்டும். 17 ஸ்பானரால் முதல் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். டீசல் கசியும், இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கும். அப்படியானால் அந்தச் சிலிண்டர் நன்றாக வேலை செய்கிறது. இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எந்த நட்டைத் தளர்த்தியும் சத்தத்தில் மாற்றமே இல்லையோ, அதுதான் செத்த சிலிண்டர்.

நட்டைச் சுற்றித் துணி போடுங்கள், கண்ணாடி அணியுங்கள், கசியும் இடத்தில் விரலை மட்டும் வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலச் சின்னதாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

நாசிலா, வேறா?

செத்த சிலிண்டரின் நாசிலையும் பக்கத்து நாசிலையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி அதே சோதனை. கோளாறும் கூடவே இடம் மாறினால் நாசில்தான். பம்ப் கடையில் கொடுத்து பிரஷரும் தெளிப்பும் செக் செய்யச் சொல்லுங்கள். நாசிலைக் கழற்றும்போது பழைய காப்பர் வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்த்து எடுங்கள். அதன் மேலேயே புது வாஷரைப் போட்டால் நாசில் நிற்கும் உயரம் மாறிவிடும், கம்ப்ரஷனும் கசியும்.

கோளாறு அதே சிலிண்டரில் நின்றால் டேப்பட்டை, அதாவது வால்வுக்கு விடும் இடைவெளியைப் பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். இன்லெட் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-5-3-6-2-4. இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். ஆறாவது சிலிண்டரின் ஒரு வால்வு மூடி, மற்றது திறக்கத் தொடங்கும் நேரத்தில் (இதைத்தான் வால்வு ஆடுவது என்பார்கள்) முதல் சிலிண்டர் டேப்பட்டை செட் செய்யலாம். இதேபோல 2 ஆடும்போது 5, 4 ஆடும்போது 3, 1 ஆடும்போது 6, 5 ஆடும்போது 2, 3 ஆடும்போது 4. டேப்பட்டும் சரி என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட்.

மிஸ்ஸிங் இல்லாமல் ஐடில் மட்டும் ஏறி இறங்கினால் அது வேறு கதை. நியூமேடிக் கவர்னர் (வாக்குவத்தால் இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) உள்ள பம்ப் என்றால், அதற்குப் போகும் வாக்குவம் ஹோஸையும் உள்ளே இருக்கும் டயாபிராமையும் பாருங்கள். கிழிந்திருந்தால் தள்ளிப்போட வேண்டாம், இன்ஜின் கட்டுக்கடங்காமல் ரேஸ் ஆகிவிடும்.

இத்தனையும் சரியாக இருந்து, கம்ப்ரஷனும் நன்றாக இருந்து, அந்த ஒரு சிலிண்டர் மட்டும் ஒத்துழைக்கவில்லை என்றால் சரி, இப்போது பம்ப். கழற்றும் முன், இன்ஜினோடு பம்ப் சேரும் பிளாஞ்சில் டைமிங் கோடு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் உளியால் ஒரு குறி போட்டுவிடுங்கள். எந்த நம்பர் சிலிண்டர் என்பதையும் ஒரு சீட்டில் எழுதிப் பம்போடு கட்டி அனுப்புங்கள். கடைக்காரர் பம்புக்குள் அந்தச் சிலிண்டருக்கான எலிமெண்டையும் (டீசலை அழுத்தும் பகுதி) டெலிவரி வால்வையும் முதலில் பார்ப்பார்.