பழைய பேஸ் கிட்டார், ஆம்ப் வாங்குறப்போ எதையெல்லாம் பாக்கணும்

பெயின்ட்டப் பாத்து மயங்காதீங்க, முதல்ல நெக்க, அதாவது கம்பிங்க ஓடுற நீளமான கைப்பிடிய, பாருங்க. நெக் வளைஞ்சிருந்து அத நேராக்க உள்ள இருக்குற ட்ரஸ் ராடுங்கிற இரும்புக் கம்பியும் இதுக்கு மேல திரும்பலன்னா விட்டுடுங்க, அவ்ளோதான். அப்புறம் உள்ள இருக்குற வால்யூம் பாட்ல (சத்தத்தக் கூட்டிக் குறைக்கிற குமிழுக்கு அடியில இருக்குற பாகம்) நம்பர் இருக்கும், 1376633ன்னு இருந்தா 137ங்கிறது பாட்ட செஞ்ச சிடிஎஸ் கம்பெனி, 66ங்கிறது 1966ஆம் வருஷம், 33ங்கிறது அந்த வருஷத்தோட 33வது வாரம், ஆக அது ஒரிஜினல் பாட்னா பேஸ் அதுக்கு முன்னாடி செஞ்சதா இருக்க முடியாது, ஆனா யாராச்சும் பாட்ட மாத்தியிருக்கலாம்ல, அதனால சால்டர்ல (ஒயர ஒட்டியிருக்குற ஈயத்துல) கை வச்சிருக்காங்களான்னு கண்டிப்பா பாத்துருங்க.

ட்யூப் ஆம்ப்ப (கண்ணாடி வால்வுல ஓடுற ஆம்ப்) ஸ்பீக்கர் மாட்டாம ஓட்டவே கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும். ப்ளக்க உருவுனாலும் உள்ள கரண்ட்டச் சேத்து வைக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்ல நூத்துக்கணக்கான வோல்ட் நிக்கலாம், உயிருக்கே ஆபத்துங்க, தயவுசெஞ்சு நல்ல டெக்னீஷியன்கிட்டயே குடுங்க, எர்த் இல்லாத பழைய பவர் ஒயர்னா அதையும் அப்பவே மாத்தச் சொல்லிடுங்க.