நாரி நோவும் சத்திரசிகிச்சையும்: மட்டக்களப்புக்குப் புதிதாக வருவோருக்கு

தமிழ்நாட்டிலிருந்து பணிக்காகவோ படிப்புக்காகவோ மட்டக்களப்புக்கு வந்தவர், இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் வலியோடு வைத்தியரிடம் போனால், முதலில் சொற்களிலேயே சற்றுத் தடுமாறுவார். இங்கே கீழ்முதுகு நாரி, வலி நோ, மாத்திரை குளிசை, அறுவைச் சிகிச்சை சத்திரசிகிச்சை. ஆயினும் "நாரி நோகுது" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். நோ நாரியோடு நிற்கிறதா, முழங்காலையும் கடந்து பாதம்வரை இறங்குகிறதா என்பதை விளக்கமாகச் சொல்லுங்கள்; ஏனெனில், முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் வரும் கால் நோவைத் தணிப்பதற்கே சத்திரசிகிச்சை நன்கு உதவுகிறது, வெறும் நாரி நோவுக்கு அவ்வளவாக உதவுவதில்லை.

ஸ்கான் படத்தைப் பார்த்தே அஞ்சிவிடவும் வேண்டாம். 1994இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நாரி நோவே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, பாதிப்பேருக்குச் சற்று மேற்பட்டோரிடம் ஒரு டிஸ்காவது புடைத்திருந்தது.

பெரும்பாலானோருக்குக் கால் நோ 6 முதல் 12 வாரங்களில் தானாகவே தணிகிறது. பிதுங்கிய பகுதியை உடலே மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு. அதுவரை குளிசை, இயன்மருத்துவம் (பிசியோதெரபி), இயன்ற அளவு நடை ஆகியவை போதும். பாயோடு பாயாகக் கிடப்பது நல்லதல்ல. 2007இல் நெதர்லாந்தில் 283 பேரை வைத்துச் செய்த ஆய்வில், விரைவில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு நோ முந்திக் குறைந்தது; ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்திருந்தார்கள், அவர்களில் 10 பேருக்கு 4 பேர் அளவில் பின்னர் சத்திரசிகிச்சைக்குப் போக நேர்ந்தபோதிலும். ஆகவே, கத்தி வைப்பதால் கிடைக்கும் இலாபம் பெரும்பாலும் சில மாதங்கள்தான் என்பது என் கணிப்பு. அம்பாறை வயல்களில் கூலிக்குப் போகிறவருக்கு அந்த மாதங்கள் சிறியவையல்ல.

அயலவர்கள் அன்போடு பரியாரியாரிடம், அதாவது நாட்டு வைத்தியரிடம், அனுப்புவார்கள். எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுப்பதில் குற்றமில்லை, ஆனால் கால் மரத்திருக்கும்போது நாரியை முறுக்கவோ மிதிக்கவோ இடம் கொடுக்காதீர்கள். சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் உணர்வற்றுப் போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ காத்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும், அன்றே போதனா வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

அவசரமில்லாதவர்கள், மாலையில் தனியார் வைத்தியசாலையில் நிபுணரைச் சனல் பண்ணி, அதாவது முன்பதிவு செய்து, பார்க்கும்போது, பழைய படங்களையும் கையோடு கொண்டுபோய், தம் கால் நோவும் படத்தில் தெரியும் இடமும் பொருந்துகின்றனவா என்று கேட்க வேண்டும். கொழும்பில் செய்துகொள்வதானால், 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழியில் எத்தனை நாள் கழித்து உட்கார்ந்து திரும்பலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.