கிரேக்கப் புராணம்: வாத்தியத்திலும் இலையிலும் வரும் பிசகுகள்

கிரேக்கப் புராணக் கதைகளைத் தமிழில் எழுதுகிறவர்களும் காணொளி போடுகிறவர்களும் இப்போது நிறையவே இருக்கிறார்கள். தெய்வங்களின் பெயரிலும் உறவுமுறையிலும் யாரும் அதிகம் தடுமாறுவதில்லை. கையில் இருக்கும் வாத்தியம், தலையில் சூடிய இலை, குவளையில் கலந்த மூலிகை, இவற்றில்தான் கோட்டை விடுகிறார்கள்.

ஔலோஸ் என்ற வாத்தியத்தைப் புல்லாங்குழல் என்று நினைப்பது அதிகம் பார்க்கும் தவறு. அது சீவாளி, அதாவது ஊதும்போது அதிரும் நாணல் துண்டு, வைத்து ஊதுவது. பெரும்பாலும் இரண்டு குழல்களை ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊதுவார்கள். கன்னத்தை இழுத்துப் பிடிக்கத் தோல்வார் கட்டிக்கொண்டு ஊதும் கலைஞர்களைப் பழைய பானை ஓவியங்களில் காணலாம். நம்மிடம் அதற்கு உறவு தேட வேண்டுமானால் நாதஸ்வரத்திடம்தான் போக வேண்டும். பலி கொடுக்கும் இடத்திலும் நாடக மேடையிலும் ஒலித்தது அது. போர்க்கப்பலில் துடுப்புப் போடுகிறவர்களுக்குத் தாளம் கொடுத்ததும் அதுவே. கி.மு. 418இல் மாண்டினேயா போர்க்களத்தில் ஸ்பார்ட்டா வீரர்கள் அதன் இசைக்கு ஏற்பவே மெதுவாக முன்னேறினார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ்.

இது தெரியாமல் மார்சியாஸ் கதையைச் சொன்னால் கதையின் பாதி போய்விடும். அதீனா தேவி ஔலோஸ் ஊதுகிறாள், கன்னம் உப்பி முகம் கோணுவதைப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிகிறாள். அதை எடுத்த மார்சியாஸ் என்ற காட்டுவாசி (சாட்டிர்), லயர் என்ற நரம்பு வாத்தியம் வாசிக்கும் அப்போலோ தெய்வத்தோடு போட்டி போட்டுத் தோற்று, உயிரோடு தோல் உரிக்கப்படுகிறான். புல்லாங்குழல் ஊதினால் முகம் அப்படிக் கோணாது. தன் லட்சிய நகரத்தில் லயருக்கு இடம் கொடுத்த பிளேட்டோ, ஔலோஸை வெளியே நிறுத்தியதும் இதே பகையின் தொடர்ச்சிதான்.

அப்புறம், அந்த லயரை உண்டாக்கியவர் அப்போலோ அல்ல. பிறந்த அன்றே ஆமை ஓட்டில் நரம்பு கட்டியது ஹெர்மிஸ் என்ற தெய்வம். அப்போலோவின் மாடுகளைத் திருடி மாட்டிக்கொண்டதும் சமாதானத்துக்கு அதைக் கொடுத்துவிட்டார்.

இசையும் தாவரமும் உண்மையாகவே சேரும் இடம் ஒன்று உண்டு, அதை யாரும் எழுதுவதில்லை. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்டஸ் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில், ஔலோஸுக்கான நாணலுக்குக் கணிசமான இடம் ஒதுக்கியிருக்கிறார். கிரேக்கத்தின் பியோஷியா பகுதியில் ஏரியோரம் விளையும் நாணலை எந்தப் பருவத்தில் வெட்டுவது, எத்தனை ஆண்டு பதப்படுத்துவது என்றெல்லாம் விவரிக்கிறார். வாசிப்பு எளிமையாக இருந்த காலத்தில் கோடை கழிந்து வெட்டினார்களாம். நுணுக்கமான வாசிப்பு வந்ததும், சீவாளியின் நாக்கு இளகிக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே வெட்டத் தொடங்கினார்களாம். காவிரிக் கரைக் கொறுக்கையில் சீவாளி செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை நன்றாகப் புரியும்.

இலைக்கு வருவோம். ஒலிம்பிக் வெற்றியாளருக்கு லாரல் கிரீடம் என்று பாடப்புத்தகப் பாணியில் எழுதுகிறார்கள். ஒலிம்பியாவில் சூட்டியது காட்டு ஒலிவம். லாரல் டெல்ஃபியில் நடந்த பித்திய விழாவுக்கு உரியது. அப்போலோவிடம் இருந்து தப்பிக்க டாஃப்னி என்ற வனதேவதை மரமாக மாறினாளே, அந்த மரம். டெல்ஃபி விழாவே இசைப் போட்டியாகத் தொடங்கியதுதான், ஓட்டமும் குதிரையும் பின்னால் வந்து சேர்ந்தன. மற்ற இரண்டு விழாக்களில், நீமியாவில் காட்டு செலரி, இஸ்த்மியாவில் பைன். இன்னொன்று, நம் பிரியாணியில் போடும் பிரிஞ்சி இலை அந்த லாரல் அல்ல. ஒரே குடும்பம் என்றாலும் நம்முடையது லவங்கப்பட்டை இனம். இலையில் நீளவாக்கில் மூன்று நரம்புகள் ஓடும். லாரலில் நடுநரம்பு ஒன்றுதான்.

ஹோமர் தன் ஒடிஸி காவியத்தில் சொல்லும் லோட்டஸ் உண்ணிகள் என்ற மக்களுக்குப் பக்கத்தில் தாமரைப் படம் போடுவதையும் நிறுத்தலாம். அவர்கள் தின்றது எந்தச் செடி என்பது முடிவாகவில்லை. வட ஆப்பிரிக்காவின் ஒரு வகை இலந்தை என்பதுதான் அதிகம் பேர் சொல்லும் ஊகம்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது வேறு. கவிதையில் வரும் செடிக்கெல்லாம் வேதியியல் சூத்திரம் தேடி, ஊகத்தை உண்மையாக அறிவித்துவிடுவது. ஒடிஸியில் சூனியக்காரி சிர்ஸியின் மாயத்துக்கு மாற்றாக, கதாநாயகன் ஒடிஸியஸுக்கு ஹெர்மிஸ் கொடுக்கும் மோலி என்ற மூலிகையை எடுத்துக்கொள்ளுங்கள். கறுத்த வேர், பால் நிறப் பூ. இது பனித்துளிப் பூச்செடியாக (ஸ்னோடிராப்) இருக்கலாம், அதிலுள்ள கேலன்டமைன் என்ற வேதிப்பொருள் ஊமத்தை போன்ற நஞ்சை முறித்திருக்கலாம் என்று 1983இல் இரண்டு மருத்துவர்கள் எழுதினார்கள். சுவாரசியமான ஊகம்தான். கேலன்டமைன் இன்று அல்சைமர் நோய்க்குத் தரப்படுவதும் உண்மை. ஆனால் அந்த மருந்து 1950களில் சோவியத், பல்கேரிய ஆய்வுகளில் இருந்து வந்தது, ஹோமரிடம் இருந்து அல்ல. ஒடிஸியஸ் அந்த மூலிகையைத் தின்றாரா, மடியில் வைத்துக்கொண்டாரா என்றுகூட ஹோமர் சொல்வதில்லை. இதைப் போய் "பழங்கால அல்சைமர் மருந்து" என்று தலைப்பிடுவது அநியாயம்.

அந்தக் காலத்தவர்களே இந்த விஷயத்தில் நம்மைவிட நிதானமாக இருந்தார்கள். மாண்ட்ரேக் என்ற மூலிகையின் வேர் எடுக்கும்போது வாளால் மூன்று வட்டம் போட்டு மேற்கு பார்த்து வெட்ட வேண்டும், கூட ஒருவர் ஆடிக்கொண்டே காமக் கதை பேச வேண்டும் என்று வேர்வெட்டிகள், அதாவது மருந்து வேர் சேகரிப்பவர்கள், சொன்னதை தியோபிராஸ்டஸ் பதிந்திருக்கிறார். கூடவே, இப்படிப்பட்ட சடங்குகளில் பல இட்டுக்கட்டியவை என்றும் சொல்லிவிடுகிறார். பிடுங்கினால் வேர் அலறும் என்ற கதை அவரிடம் கிடையாது, அது பிந்தைய சரக்கு.

ஏதென்ஸுக்கு அருகே எலூசிஸில் தானிய தேவதை டிமீட்டரின் வழிபாட்டுக்கு வந்தவர்கள் குடித்த கைகியோன் என்ற பானமும் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. டிமீட்டரைப் பற்றிய பழைய துதிப்பாடலில் இருப்பது வாற்கோதுமை, தண்ணீர், புதினா இனத்துப் பெனிராயல், அவ்வளவுதான். தானியத்தில் வளரும் எர்காட் பூஞ்சையின் போதை அதில் இருந்தது என்று 1978இல் வாஸன், ஹாஃப்மன், ரக் மூவரும் வாதிட்டார்கள். ஹாஃப்மன் எல்எஸ்டி என்ற போதைப்பொருளைக் கண்டுபிடித்தவர் என்பதால் பேச்சு வேகமாகப் பரவியது. சடங்கின் ரகசியத்தை வெளியிட்டால் மரண தண்டனை என்றிருந்த இடம் அது. எர்காட் ஊகத்தை நிரூபிக்கும் ஆதாரம் இன்றுவரை இல்லை.

இதைப் படித்துவிட்டு வீட்டில் கைகியோன் கலக்கக் குறிப்பு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எர்காட் கைகால் விரல்களுக்கு ரத்தம் போகவிடாமல் அழுக வைத்துவிடும். பெனிராயல் எண்ணெய் கல்லீரலைக் கெடுக்கும், குடித்து இறந்தவர்களும் உண்டு. அந்தக் குறிப்பை யாராவது உங்களுக்கு அனுப்பினால் மேலே அனுப்பாதீர்கள்.