கோழி சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தால் காரணத்தைத் தேடுவது எப்படி

எங்கள் வீட்டுக் கருப்பிக்கு நாலு வயது. நாட்டுக்கோழி, எடை 1 கிலோ 400 கிராம். தூத்துக்குடியில் எங்கள் வீட்டுப் புறவாசலில், மதிலை ஒட்டிக் கம்பிவலை அடித்த கூடுதான் அவள் இடம். போன மாசியில் ஒரு நாள், காலையில் நிரப்பி வைத்த தண்ணீர்ச் சட்டி மதியத்துக்குள் காலியாகிக் கிடந்தது. மறுநாளும் அப்படியே. கூட்டுக்குள் மணல் சொதசொதவென்று இருந்தது. அடுத்த ஒரு வாரத்தில் நான் தேடித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்கள் கோழியின் காரணம் வேறாக இருக்கலாம். தேடுகிற வழி இதுதான்.

முதலில் நான் செய்த தப்பு. இவ்வளவு குடித்தால் கழிச்சல் வந்துவிடும் என்று பயந்து, அரை நாள் தண்ணீரை எடுத்து வைத்துவிட்டேன். மதியம் போய்ப் பார்த்தால் வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை உடம்பை விட்டுத் தள்ளி வைத்து, இளைத்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். உடம்பில் உப்பு ஏறியிருந்தாலோ சிறுநீரகம் கெட்டிருந்தாலோ, அந்தத் தண்ணீர்தான் அதை உயிரோடு வைத்திருக்கும்.

அடுத்து அளவு. "நிறையக் குடிக்குது" என்பது ஒரு அளவே இல்லை. மண்சட்டியை ஒதுக்கிவிடுங்கள், அது தண்ணீரைக் கசியவிடும். ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களை எடுத்து, இரண்டிலும் சரியாக 1 லிட்டர் ஊற்றினேன். ஒன்றைக் கோழியின் முதுகு உயரத்துக்குச் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தேன். தரையில் வைத்தால் காலால் சீய்த்தே பாதியைக் கொட்டிவிடும். இன்னொன்றைப் பக்கத்திலேயே, அதே வெயிலில், பஞ்சாரத்தைக் கவிழ்த்து உள்ளே வைத்தேன். அதில் யாரும் வாய் வைக்க முடியாது, குறைவதெல்லாம் காற்றும் வெயிலும் குடித்தது. காக்கையும் அணிலும் பங்குக்கு வராதபடி, மூன்று நாளும் கருப்பியைக் கூட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

24 மணி நேரம் கழித்து அளந்தால், அவள் கிண்ணத்தில் 690 மில்லி குறைந்திருந்தது; பஞ்சாரத்துக் கிண்ணத்தில் 120. ஆக அவள் குடித்தது 570. அடுத்த இரண்டு நாளும் 610, 540.

இது அதிகமா? கோழி சாதாரணமாகத் தின்னும் தீவனத்தின் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். வெயில் ஏறினால் நாலு மடங்கு, ஐந்து மடங்குகூடப் போகும். கருப்பி ஒரு நாளைக்குத் தின்பது 80 கிராம். அப்படிப் பார்த்தால் 160 மில்லி, கூடிப்போனால் 200 மில்லிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவளோ தீவனத்தின் எடையைப் போல ஏழு மடங்கு குடித்துக்கொண்டிருந்தாள்.

வெயிலா என்று முதலில் யோசியுங்கள். கோழிக்கு வியர்க்காது. 41 டிகிரி உடம்புச் சூட்டை இளைத்து இளைத்துத்தான் ஆற்றும், அதில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். சித்திரை, வைகாசியில் இப்படிக் குடித்தால் நான் கவலைப்பட்டிருக்கவே மாட்டேன். ஆனால் அது மாசி. கருப்பி இளைக்கவும் இல்லை, தண்ணீரை எடுத்து வைத்த அந்த ஒரு மதியத்தைத் தவிர. முட்டையும் காரணம் இல்லை. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான், இடுகிற கோழி இடாததைவிடக் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் இவள் மார்கழியிலிருந்தே முட்டை நிறுத்தியிருந்தாள்.

பிறகு எச்சத்தைப் பாருங்கள். இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ராத்திரி அது அடையும் கட்டைக்குக் கீழே பழைய நாளிதழை விரித்து வையுங்கள். விடிந்ததும் எல்லாம் தாளில் எழுதி வைத்தது போலத் தெரியும். நல்ல எச்சம் பழுப்பாக, சுருளாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்தது போல இருக்கும். அந்த வெள்ளைதான் கோழியின் சிறுநீர். நடுவில் ஒன்றிரண்டு கரும்பழுப்பாக, களி போல, நாற்றமடிக்கும். அது குடல்முனைப் பையிலிருந்து வருவது, பயப்பட வேண்டாம்.

கருப்பியின் தாளில் சுருள் கெட்டியாகவே இருந்தது. சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்குத் தெளிந்த தண்ணீர் ஊறிப் பரவியிருந்தது. இந்த வித்தியாசத்தைத்தான் கண் பழக வேண்டும். சுருளே கரைந்து கூழாகப் போனால் கோளாறு குடலில்: பூச்சி, கழிச்சல். சுருள் உருவம் கெடாமல் தண்ணீர் மட்டும் தனியாகப் பிரிந்தால், சிறுநீரகம் எதையோ கழுவி வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். பூச்சி மருந்து வாங்க மருந்துக்கடைக்குக் கிளம்பிய நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினேன்.

விடியற்காலை, தீனி போடுமுன், கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையையும் தடவிப் பாருங்கள். ராத்திரி புடைத்திருந்தது காலையில் வற்றியிருக்க வேண்டும். காலையிலும் தண்ணீர் நிரப்பிய பலூன் போலத் தளதளத்து, வாயில் புளித்த வாடை அடித்தால் உள்ளே தீனி புளித்துக் கிடக்கிறது. சிலர் தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைப்பார்கள். வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விட்டால் கையிலேயே போய்விடும். கருப்பிக்குத் தீனிப்பை சுத்தமாக வற்றியிருந்தது.

மிஞ்சியது, உள்ளே என்ன போகிறது என்பது. எங்கள் ஆழ்துளைத் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் நாலு வருடமாக அவள் குடிப்பது அதே தண்ணீர். மாறாத ஒன்று புதிதாக எப்படித் தாகத்தைக் கொண்டுவரும்? கடலைப் புண்ணாக்கை முகர்ந்து பார்த்தேன், பூசணம் இல்லை. பூசணம் பிடித்ததை வெயிலில் காயப்போட்டாலும் விஷம் போகாது, ஈரலையும் சிறுநீரகத்தையும் தின்னும், கொட்டிவிடுங்கள். கடையில் வாங்கும் முட்டைக்கோழித் தீவனமும் நான் போடுவதில்லை. அதில் சுண்ணாம்புச் சத்து கூடுதல். முட்டையிடும் கோழிக்கு அது வேண்டும். குஞ்சுகளுக்கும் முட்டை நிறுத்திய கோழிக்கும் மாதக்கணக்கில் கொடுத்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நான் போடுவதில் ஒன்றும் இல்லை என்றால்? நாலாம் நாள் வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு, காலையிலிருந்து புறவாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மதியம் ஒரு மணி இருக்கும். மதிலுக்கு மேலே ஒரு கை வந்தது. வலைக்குள் என்னவோ விழுந்தது, கருப்பி பாய்ந்தாள்.

"என்னத்தப் போட்டிய ஆச்சி?"

"பாரைக் கருவாடு நறுக்குன துண்டுதான் தாயி. முட்ட விடாம கெடக்கே, பெலம் வரட்டும்னு பத்து நாளா ஒரு கை போடுதேன்."

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு 75 வயது, கருப்பி மேல் என்னைவிடப் பாசம். அந்த ஒரு கையை அன்றைக்கு நிறுத்துப் பார்த்தேன்: 20 கிராம். நன்றாக உப்பிட்ட கருவாட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்காவது உப்பு இருக்கும். அப்படியானால் 2 கிராம் உப்பு. கோழித் தீவனத்தில் உப்பு நூற்றுக்கு அரைப் பங்குகூட இருக்காது. கருப்பியின் ஒரு நாள் தீனிக்கு 0.3 கிராமே தாராளம். ஆறு மடங்குக்கும் மேலே உள்ளே போய்க்கொண்டிருந்தது. மீந்த சாம்பார்ச்சோறு, மிக்சர், ஊறுகாய் பிசைந்த சோறு எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும். வீட்டில் குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால், யார் எதைப் போடுகிறார்கள் என்று கோபப்படாமல் ஒவ்வொருவராகக் கேளுங்கள். கோபப்பட்டால் உண்மை வராது.

கருவாடு நின்றது. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரைப் பிடித்து வைத்து, நாலு தடவை மாற்றி மாற்றி வைத்தேன். மறுநாள் 460 மில்லி. மூன்றாம் நாள் 330. ஆறாம் நாள் 210, காகிதத்தில் ஈர வளையமும் இல்லை.

இப்படி ஒரு வாரம் உட்கார்ந்து தேடுவதெல்லாம் கோழி சுறுசுறுப்பாக இருந்து, வழக்கம்போலத் தின்னும்போதுதான். தீனியைத் தொடாமல் தண்ணீரை மட்டும் குடிக்கிறது, எச்சத்தில் ரத்தம், பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராய்ப் போகிறது, கழுத்து திருகுகிறது, கொண்டை கறுக்கிறது, வயிறு வீங்கி நிமிர்ந்தே நிற்கிறது: இதில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள். மற்ற கோழிகளிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்; வெள்ளைக் கழிச்சல் என்ற தொற்றுநோயாக இருந்தால் கூடு முழுக்கப் போய்விடும். போகும்போது எச்சம் விழுந்த தாளைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அளவு எழுதிய சீட்டையும், கடைசி இரண்டு வாரத்தில் என்னென்ன தின்றது என்ற பட்டியலையும் கொண்டுபோங்கள். கோழி தானாக எதையும் சொல்லாது, மருத்துவர் உங்களைத்தான் கேட்பார்.

ஆச்சி இப்போதும் மதியம் ஒரு மணிக்கு மதிலுக்கு மேலே கை நீட்டுகிறார். கையில் ஊறவைத்த கம்பு இருக்கிறது.