பொரிக்காத சமோசா: வறட்டி ஆகாமல் ஓவனில் சுடுவது எப்படி?

எங்கள் பக்கம் பேக்கரி என்றால் டீக்கடை என்றும் அர்த்தம். ஈரோடு, திருப்பூர், கோவை எங்கே போனாலும் சாயங்காலம் நாலு மணிக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் பப்ஸும் சமோசாவும் அடுக்கியிருக்கும். அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் கூடிவிட்டது, எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அப்பாவோ டீயோடு எதையாவது கடிக்காமல் இருக்க மாட்டார். ஓவனில் சமோசா சுடும் வேலை அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

முதல் தடவை சுட்டதை அமுச்சி (அம்மாவின் அம்மா) ஒரு கடி கடித்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டார். “என்ன கண்ணு இது, வறட்டியாட்ட இருக்குது?” என்றார். நாலாவது தடவைதான் உருப்படியாக வந்தது. அந்த மூன்று தப்பும் உங்களுக்கு வேண்டாம்.

பப்ஸ் செய்யக் கூடாதா என்றால், அதன் அடுக்குகளுக்குக் கொழுப்புதான் உயிர். அதைக் குறைத்தால் பப்ஸ் பப்ஸாக இருக்காது. சமோசா அப்படியல்ல. உஸ்பெகிஸ்தான் பக்கம் இதன் உறவான சம்சாவைத் தந்தூர் அடுப்பில்தான் சுடுகிறார்கள். அதனால் எண்ணெயில் போடாவிட்டால் சமோசாவே இல்லை என்பவர்களிடம் வாதாட வேண்டியதில்லை.

பன்னிரண்டு சமோசாவுக்கு

மேல்மாவுக்கு: கோதுமை மாவு 150 கிராம், மைதா 50 கிராம், செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் 3 மேசைக்கரண்டி, ஓமம் அரை டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், தண்ணீர் 80 முதல் 90 மில்லி. மைதாவே வேண்டாம் என்றால் முழுக்கக் கோதுமையிலும் செய்யலாம். மடிக்கும்போது ஓரம் விரியும், பொறுமை இருந்தால் சரி. மாவைக் கப்பில் அளக்காதீர்கள். முந்நூறு, நானூறு ரூபாய்க்கு ஒரு சமையல் தராசு வாங்கிவிடுங்கள்.

மசாலுக்கு: உருளைக்கிழங்கு 250 கிராம், ஒரு பிடி பட்டாணி, பத்துச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, மல்லித்தூள், கரம் மசாலா. ஈரோட்டுக்காரிக்கு மஞ்சள் அளவு சொல்லித் தர வேண்டுமா என்ன, கால் டீஸ்பூன். நான் இப்போதெல்லாம் பாதி உருளைக்குப் பதில் வேகவைத்த தட்டைப்பயறு போடுகிறேன். அப்பாவுக்கும் நல்லது, ருசியும் குறையவில்லை.

மசாலை எப்போதும் செய்வது போலவே இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் வதக்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கிழங்கைத் தோலோடு வேகவைத்து, ஈரம் போக ஆறவிட்டுத்தான் மசிக்க வேண்டும். கொதிக்கும் எண்ணெயில் மேல்மாவு உடனே இறுகிவிடும். ஓவனில் அதற்கு நேரம் எடுக்கும். அதற்குள் மசாலின் ஈரம் அடிமாவில் ஊறிவிடும்.

எண்ணெய் பிசிறுதல் (நான் வழுக்கி விழுந்த இடம்)

ஆரோக்கியம் என்று சொல்லிவிட்டு மாவில் ஒரே ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டேன். அதனால்தான் வறட்டி. மாவைச் சுற்றி எண்ணெய் பூசிக்கொண்டால்தான் தண்ணீர் சேரும்போது பசைத்தன்மை அதிகம் உண்டாகாமல், கடித்தால் மொறுமொறுவென்று உதிரும். எண்ணெய் இல்லாமல் சுட்டால் காய்ந்த சப்பாத்திதான் கிடைக்கும். குறைக்க வேண்டியது வாணலியில் ஊற்றும் எண்ணெயை, மாவில் சேர்ப்பதை அல்ல.

உப்பு, ஓமம் கலந்த மாவில் எண்ணெயை விட்டு, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து நாலைந்து நிமிடம் தேயுங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் பிடிகொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். நிற்கவில்லையா, இன்னும் ஒரு டீஸ்பூன் எண்ணெய். இது வந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள்.

கணக்குப் பார்த்தால் மாவு, மசால், மேல்பூச்சு எல்லாம் சேர்த்து ஒரு சமோசாவுக்கு ஒரு டீஸ்பூனுக்குச் சற்று மேல்தான் எண்ணெய். ஆனாலும் உள்ளே இருப்பது கிழங்குதான், மருந்தில்லை. அப்பாவுக்கு இரண்டோடு தட்டை எடுத்துவிடுவேன்.

மடிப்பதும் சுடுவதும்

ஆறு உருண்டை. ஒவ்வொன்றையும் 18 சென்டிமீட்டர் வட்டமாகத் தேய்த்து, பாதியாக வெட்டி, கூம்பாக்கி, இரண்டு மேசைக்கரண்டி மசால் வைத்து, விளிம்பில் தண்ணீர் தொட்டு ஒட்டுங்கள்.

ஓவனை 200 டிகிரியில், மேல் கம்பி கீழ் கம்பி இரண்டையும் போட்டு 15 நிமிடம் சூடாக்குங்கள். சமோசா மேல் எல்லாப் பக்கமும் எண்ணெய் தடவ வேண்டும், மொத்தம் ஒரு மேசைக்கரண்டி போதும். சிலிக்கான் பிரஷ் எனக்குப் பிடிக்காது, ஒரு இடத்தில் குளமாக்கிவிடும். விரலே நல்லது. நடுத்தட்டில் 15 நிமிடம், திருப்பிப் போட்டு இன்னும் 10 நிமிடம். கடை சமோசா நிறம் எல்லாப் பக்கமும் சீராக வராது. அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்தால் ஆயிற்று.

25 நிமிடம் கழித்தும் வெளுப்பாகவே இருந்தால் உங்கள் மேல் சந்தேகப்படாமல் ஓவன் மேல் சந்தேகப்படுங்கள். என் ஓடிஜியின் (மேடை மேல் வைக்கும் சின்ன மின் ஓவன்) குமிழ் 200 காட்டியபோது உள்ளே 170தான் இருந்தது. உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது. இரண்டு சுற்று மாவு அதில் வீணாகியிருந்தது.

பிற்சேர்க்கை: ஏர் ஃப்ரையரில் வருமா என்று கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார். வருமுங்க. 180 டிகிரி, 15 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பினால் போதும். வெறும் மைக்ரோவேவில் மட்டும் முயல வேண்டாம், ரப்பர் ஆகிவிடும்.

இன்னொன்று: பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் நமுத்துப்போகிறது என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். சூட்டோடு மூடினால் ஆவி எங்கே போகும்? கம்பித் தட்டில் நன்றாக ஆறவிட்டு அடையுங்கள். காலையில் நேரமில்லை என்றால் முந்தின வாரமே மடித்து, சுடாமல் ஃப்ரீசரில் வைத்துவிடலாம். வெளியே எடுத்து இளகவிடாமல் அப்படியே எண்ணெய் தடவி ஓவனில் வையுங்கள், ஏழெட்டு நிமிடம் கூடப் பிடிக்கும்.