ராகி மால்ட்: பாக்கெட் மாவை விட்டு முழுத் தானியத்துக்கு

கடையில் கிடைக்கும் மால்ட் பாக்கெட்டுகள் பலவற்றில் இனிப்பு சர்க்கரையிலிருந்து வருகிறது. முளைகட்டிக் காயவைத்து அரைத்த தானியம்தான் மால்ட். நல்ல மால்ட்டுக்குச் சர்க்கரை தேவையே இல்லை. ராகி முளைக்கும்போது அமிலேஸ் என்ற நொதி பெருகும். மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் சர்க்கரையாக்குவது அதுதான். நொதி சாகாமல் பார்த்துக்கொண்டால் வெல்லம் போடாமலே கஞ்சி இனிக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ராகி விளைவித்தவரிடமே வாங்கலாம் என்பதால் செலவும் குறைவு.

பாத்திரங்களுக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். 20 லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட் ஒன்று (பெயின்ட் வந்த டப்பா கூடாது), பழைய பருத்தி வேட்டி இரண்டு, முறம், சல்லடை, சுத்தமான சணல் சாக்கு. உர மூட்டைச் சாக்கைத் தொடவே வேண்டாம். பழைய ஹாட்பாக்ஸ் வீட்டிலேயே இருக்கும். இல்லாததைப் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரியான வாரச்சந்தைகளில் தேடலாம். காசு கொடுத்துப் புதிதாக வாங்க வேண்டியது சமையலுக்கான ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் மட்டும்தான்.

மொத்தமாக ஊறவைக்கும் முன் 100 மணிகளை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். இரண்டு நாளில் 90-க்குக் குறைவாக முளைத்தால் அந்த ராகி களிக்கு ஆகும், மால்ட்டுக்கு ஆகாது. முளைக்காத மணிதான் பூஞ்சை பிடிக்கும். மருந்து கலந்த விதை ராகியை உணவுக்கு எடுக்கவே கூடாது.

5 கிலோ ராகியைப் பதர் மிதந்து போகும்வரை அலசி, கல் அரித்து, 10 லிட்டர் தண்ணீரில் 8 மணி நேரம் ஊறவையுங்கள். வடித்து 2 மணி நேரம் காற்றாட விட்டு, புதுத் தண்ணீரில் மறுபடி 8 மணி நேரம். தொடர்ந்து தண்ணீரிலேயே கிடந்தால் முளைக்கரு மூச்சு முட்டிப் புளிப்பு வாடை வரும். ஊறியபின் எடை ஏறக்குறைய 7 கிலோ இருக்கும்.

வேட்டியில் பரப்பி மூடும்போது இரண்டு அங்குலத்துக்கு மேல் கனம் வேண்டாம். முளைக்கும் தானியம் தானே சூடாகும். குவித்து வைத்தால் நடுவில் வெந்து கொழகொழத்துவிடும். 6 மணிக்கொரு முறை கிளறி, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். தருமபுரி வெயிலில் 36 மணி நேரம் போதும். ஓசூர், தளிப் பக்கம் மார்கழிக் குளிரில் மூன்று நாள்கூட ஆகும். கறுப்பு, பச்சைப் பூஞ்சை ஓரிடத்தில் தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். பூஞ்சை நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. இதே முறையைச் சோளத்துக்குச் செய்ய வேண்டாம். சோள முளையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது.

முதலில் நிழலில் காற்றாட, பிறகு வெயிலில் மெல்லியதாகப் பரப்பிக் காயவையுங்கள். பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். சாக்கில் போட்டுத் தேய்த்தால் வேர் உதிரும். புடைத்தெடுத்தால் நாலேகால் கிலோ அளவுக்குத் தேறும்.

பெரும்பாலான வீடுகளில் மால்ட் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். மணத்துக்காக எல்லாவற்றையும் வறுத்துவிடுகிறார்கள். நொதி அதோடு போயிற்று. முக்கால் பங்கை வறுத்து, கால் பங்கை வறுக்காமல், இரண்டையும் தனித்தனியாக அரைத்துக்கொள்ளுங்கள். மில்லிலிருந்து சூடாக வரும் மாவை ஆறவிட்டே டப்பாவில் அடைக்க வேண்டும்.

காய்ச்சுவதற்கு: 100 கிராம் வறுத்த மாவை 600 மில்லி தண்ணீரில் கரைத்து, கட்டியில்லாமல் 10 நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் 500 மில்லி ஊற்றினால் சூடு 65 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். தெர்மாமீட்டரில் பார்த்து, அதன் பிறகே 40 கிராம் வறுக்காத மாவைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும். ஹாட்பாக்ஸில் ஊற்றி 45 நிமிடம் மூடி வையுங்கள். 60-லிருந்து 65 டிகிரி நின்றால் கெட்டிக் கூழ் நீர்த்து இனிக்கும். கொதியிலேயே போட்டால் நொதி செத்து, கூழ் கூழாகவே நிற்கும். மிகவும் ஆறிய பின் போட்டால் வேலை இழுக்கும், புளிக்கவும் தொடங்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்து ஒரு சொட்டு பீட்டாடைன் (காயத்துக்குப் போடும் அயோடின் மருந்து) விடுங்கள். கருநீலமானால் மாவுச்சத்து இன்னும் மிச்சம். இன்னும் 20 நிமிடம் விடலாம். சோதித்த கரண்டிக் கஞ்சியைக் கொட்டிவிட வேண்டும்.

கடைசியில் 5 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, அன்றைக்கே குடித்துவிடுங்கள். ஈஸ்ட் போட்டு மதுவாக்குவது தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சர்க்கரை நோயாளிகளுக்கு, ராகிதானே என்று இதைக் கொடுக்காதீர்கள். மால்டோஸ் ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். அவர்களுக்குக் களியே மேல்.