தோட்டா இல்லாமலே கைத்துப்பாக்கி பழகலாம்

தற்காப்புக்காக லைசென்ஸ் எடுத்து .32 கைத்துப்பாக்கி வாங்குபவர்கள் பலர் அதை அப்படியே பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். தோட்டா விலைக்கு அடிக்கடி சுட முடியாதுதான். ஆனால் தினமும் 10 நிமிடம் வெறும் துப்பாக்கியில் பழகலாம்.

பட்டாளத்திலிருந்து தக்கலைக்குத் திரும்பிய மாமா எனக்கு முதலில் சொன்னது: "மக்ளே, மேகசினைக் கழற்று, ஸ்லைடை இழு, உள்ளே கண்ணால பாரு, சுண்டுவிரல விட்டும் பாரு." மேகசின் என்பது தோட்டா அடுக்கும் பெட்டி; ஸ்லைடு என்பது பின்னுக்கு இழுக்கும் மேல்பகுதி. தோட்டாக்கள் அடுத்த அறையில் இருக்கட்டும். எதிரே கனமான கல்சுவர் வேண்டும்.

புதியவர்களுக்குப் பிடியும், விரலை ட்ரிக்கருக்கு வெளியே நீட்டி வைப்பதும் போதும். கொஞ்சம் பழகியவர்கள் முன்குறியின் (குழல் நுனியில் குறிபார்க்க இருக்கும் மேடு) மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, அது விழாமல் ட்ரிக்கரை அழுத்திப் பாருங்கள். எனக்கு ஒரு வாரம் பிடித்தது. வலக்கைக்காரருக்குக் குண்டு இடப்பக்கம் தாழ்ந்து போவது பெரும்பாலும் வெடுக்கென்று இழுப்பதால்தான். காசு அதை அந்த நொடியே காட்டிக்கொடுத்துவிடும். கைதேர்ந்தவர்கள் உறையிலிருந்து எடுப்பதை மெதுவாகச் செய்யுங்கள்.

உங்களுடையது .22 ரிம்ஃபயர் (தோட்டாவின் அடிவிளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் வகை) என்றால் டம்மி தோட்டா இல்லாமல் அழுத்தாதீர்கள். துப்பாக்கியின் ஊசி, தோட்டா அறையின் விளிம்பில் மோதும். முடித்ததும் உடனே தோட்டா நிரப்பாதீர்கள். 'இன்னும் ஒரு தடவை' என்று கை போகும்.